குடிப்பவருக்காகச் சுவை பார்ப்பது யார்?

கண்டி நகரின் எந்தப் பல்பொருள் அங்காடிக்குள் நுழைந்தாலும் தேயிலைக்கென்று ஓர் அடுக்கு இருக்கும். பொதியில் கம்பெனியின் பெயரும் விலையும் காலாவதித் திகதியும் அச்சாகியிருக்கும். எந்தத் தோட்டத்துக் கொழுந்து, எந்த மாதத்தில் பறித்தது, எந்த ஸ்டோரில் அரைபட்டது என்ற விபரம் பெரும்பாலான பொதிகளில் இருக்காது. வாங்குகிறவர் விளம்பரத்தையும் வீட்டுப் பழக்கத்தையும் நம்பித்தான் கையை நீட்டுகிறார். இதே மாவட்டத்தில், ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். பங்களா விறாந்தையில் கையால் உருட்டித் தேயிலை செய்து பழகியவர் அவர். 1873இல் வெறும் 23 இறாத்தல் தேயிலை இலங்கையிலிருந்து இலண்டனுக்குப் போனது. அதற்குப் பிறகு இந்த மலைகளில் எத்தனையோ தலைமுறைகள் கொழுந்து பறித்துவிட்டன. ஆனால் இங்கே விளைவதைக் குடிக்கிறவர் பக்கம் நின்று சுவைத்து, நல்லதை நல்லதென்றும் மட்டத்தை மட்டமென்றும் பெயர் சொல்லி எழுதுகிற மரபு நம்மிடையே வேரூன்றவில்லை. அதைத் தொடங்கி வைக்க ஏற்றவர்கள் விஞ்ஞானிகள், அதிலும் பேராதனையில் இருக்கும் விஞ்ஞானிகள். உத்தியோகக் கடமையாக இல்லாமல் சொந்த ஆசையாகவே அவர்கள் இதில் இறங்க வேண்டும் என்பதே என் வாதம்.

இது வெறும் கற்பனை ஆசை என்று தோன்றினால், வைன் விடயத்தில் நடந்ததைப் பாருங்கள். நம் வீடுகளில் வைனுக்கு இடமில்லை. இருக்க வேண்டும் என்றும் நான் சொல்ல வரவில்லை. அந்தத் துறையின் வரலாற்றில் மட்டும் நமக்கு ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் நீங்கியபோது கலிபோர்னியாவின் வைன் தொழில் நொடிந்து கிடந்தது. 1935இல் டேவிஸ் நகரப் பல்கலைக்கழக வளாகத்தில் சேர்ந்த மேனார்ட் அமெரின், எந்தத் திராட்சை எந்தப் பள்ளத்தாக்கில் நன்றாக வரும் என்பதைக் காண, சிறிய அளவுகளில் வைன் செய்து செய்து சுவைத்துப் பதிந்துகொண்டே போனார். அவரும் சக ஆய்வாளர் வின்க்லரும் சேர்ந்து 1944இல் வெளியிட்ட முடிவுகள் அந்த மாநிலத்தில் எங்கே எதை நடுவது என்பதற்கே வழிகாட்டியாயின. 1959இல் டேவிஸ் ஆய்வாளர்கள் 20 புள்ளி மதிப்பீட்டு முறையை வகுத்தார்கள். அமெரின் ஆய்வுகூடக் கதவைச் சாத்தியதும் வைனை மறந்துவிடுகிற ஆள் அல்லர். வைன் மீதும் வைன் நூல்கள் மீதும் அவருக்கு இருந்த பற்று ஊரறிந்தது. அதே துறைக்கு 1974இல் வந்த ஆன் நோபல், 1984இல் ஒரு வாசனைச் சக்கரத்தை வெளியிட்டார். 'நேர்த்தியானது', 'கம்பீரமானது' போன்ற புகழ்ச்சிச் சொற்களுக்கு அதில் இடமில்லை. மிளகு, கிராம்பு, எலுமிச்சை என்று யாரும் முகர்ந்து சரிபார்க்கக்கூடிய பெயர்கள்தாம் உண்டு. இடையில், 1976 மே 24ஆம் திகதி பாரிஸில் பிரெஞ்சு நடுவர்கள் பெயர் மறைத்த போத்தல்களைச் சுவைத்து, தம் நாட்டின் புகழ்பெற்ற வைன்களுக்கு மேலே கலிபோர்னிய வைன்களை வைத்தார்கள். பெயரை மறைத்ததால்தான் புதிய ஊருக்கு நீதி கிடைத்தது. நாக்கின் அனுபவத்தை எழுத்தில் வைத்து, எழுத்தைப் பிறர் சோதிக்கக் கொடுத்த விஞ்ஞானிகள் இல்லாமல் அந்தத் தொழில் அந்த வேகத்தில் நிமிர்ந்திருக்காது.

தேயிலையில் சுவை பார்க்கும் கலை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, மிக உயர்ந்த நிலையில் இருக்கிறது. டீ டேஸ்டரின் மேசையைப் பார்த்தவர்களுக்கு அதன் ஒழுங்கு தெரியும். நீண்ட மேசையில் வெள்ளைப் பீங்கான் குவளைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் பல்பல்லாக வெட்டு. 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தூள், கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மூடியிட்டு 6 நிமிடம் என்பது சர்வதேச நியமம். நேரம் முடிந்ததும் குவளையை மூடியோடு கிண்ணத்தின் மேல் சரித்து வைத்தால், அந்த வெட்டுகளின் வழியே சாயம் மட்டும் வடியும். ஊறிய இலையை மூடியின் மேல் கவிழ்த்து அதன் நிறத்தையும் மணத்தையும் முதலில் பார்ப்பார்கள். செப்புக் காசு போலப் பளிச்சென்று இருந்தால் முகம் மலரும், பச்சை ஓடியிருந்தாலோ கருத்திருந்தாலோ சுளிக்கும். பிறகு கரண்டியில் எடுத்து 'சர்'ரென்று சத்தம் கேட்க உறிஞ்சுவார்கள். பந்தியில் இது மரியாதைக் குறைவு. இங்கே இதுதான் முறை. காற்றோடு கலந்து சிதறும் துளிகள் தொண்டைக்குப் பின்னால் மூக்கின் உட்புறத்தை எட்டினால்தான் மணம் முழுசாகப் பிடிபடும். நாக்கில் சில விநாடிகள் உருட்டித் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார்கள். 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் இந்தக் கரண்டியை நம்பித்தான் இன்றும் நடக்கிறது. அந்த நாக்குகளின் திறமையை நான் மதிக்கிறேன். என் குறை வேறு இடத்தில். அவர்கள் விற்பவருக்காகவும் வாங்கும் கம்பெனிக்காகவும் சுவைக்கிறார்கள். அவர்கள் தீர்ப்பு விலையாக மாறுகிறது, விலை கலவைக்குள் மறைகிறது, கலவை பொதிக்குள் போகிறது. கண்டியில் அந்தப் பொதியைப் பிரிக்கிறவரிடம் அந்த அறிவில் ஒரு வரிகூட வந்து சேர்வதில்லை.

அப்படி வந்து சேர வேண்டிய அறிவு அற்பமானதும் அல்ல. பறித்த கொழுந்தைப் பல மணி நேரம் வாட்டி, உருட்டி நசுக்கும்போது இலையில் உள்ள கட்டெக்கின்களும் ஒரு நொதியும் காற்றோடு சேர்கின்றன. அதில் தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற இரு கூட்டங்கள் பிறக்கின்றன. 1950களில் விஞ்ஞானி ஈ.ஏ.எச். ராபர்ட்ஸ் இவற்றைப் பிரித்துக் காட்டினார். முதலாவது நாக்கில் படும் சுறுசுறுப்பையும் சாயத்தின் ஒளியையும் தருகிறது. இரண்டாவது கனத்தையும் செந்நிறத்தையும் தருகிறது. நொதிக்கவிடும் நேரம் கூடினால் ஒளி மங்கும், குறைந்தால் பச்சை வாடை நிற்கும், சூளையில் சூடு மிஞ்சினால் கருகல் ஏறும். ஆகவே ஒரு கோப்பையைக் கவனமாகச் சுவைப்பவர் ஸ்டோரில் அன்று நடந்ததையே படிக்கிறார். கண்டித் தேயிலை ஏறத்தாழ 2,000 அடிக்கும் 4,000 அடிக்கும் இடையில் விளைவது. ஊவாவின் ஆடி, ஆவணி மணமோ, நுவரெலியாவின் மென்மையோ அதில் இருக்காது. செம்பு கலந்த சாயமும் வாயை நிறைக்கும் திடமும் அதன் குணம், ஆண்டின் முதல் மூன்று மாதங்கள் அதன் நல்ல பருவம். தாழ்நிலத் தேயிலை நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ள, மலைநாட்டின் பெருமை உயர்நிலத் தோட்டங்களுக்கே போக, நடுவில் நிற்கும் இந்த மத்தியநிலத் தேயிலைதான் அளவிலும் பேச்சிலும் ஒதுங்கிப் போனது. பெயர் சொல்லிப் பேச ஆளில்லாத பண்டத்துக்கு நேரும் கதி அது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். மிகக் கனமான மறுப்பு விஞ்ஞானத்திடமிருந்தே வருகிறது: நாக்கை நம்பலாமா? 2001இல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோ நகரில் வைன் படித்த 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே அவர்கள் அதன் மணத்தை வருணித்தார்கள். கண் மூக்கை ஏமாற்றிவிட்டது. இதைவிடக் கூர்மையானது ராபர்ட் ஹாட்சன் செய்தது. கடலியல் பேராசிரியராக இருந்தவர், சொந்தமாக வைன் செய்தவர். ஒரே வைனுக்கு ஒரு போட்டியில் தங்கமும் இன்னொன்றில் வெறுங்கையும் கிடைப்பது ஏன் என்ற கேள்வியோடு, கலிபோர்னிய மாநிலக் கண்காட்சியின் நடுவர்களையே சோதித்தார். அவர்கள் சுவைத்த வரிசைக்குள் ஒரே போத்தலிலிருந்து ஊற்றிய வைனை அவர்கள் அறியாமல் மூன்று முறை கலந்து வைத்தார். 2008இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழப் பத்தில் ஒரு நடுவர்தான் மூன்று முறையும் ஒரே பதக்க வகுப்புக்குள் புள்ளி போட்டிருந்தார். இந்த ஆய்வுகளைச் சுட்டி, சுவை விமர்சனமே வீண் என்று முடிப்பவர்கள் உண்டு. நான் அதற்கு எதிரான முடிவுக்கே வருகிறேன். ஏமாற்றத்தைக் கண்டுபிடித்தது யார்? வைனை நேசித்து, அந்த நேசத்தையே சோதனைக்கு உட்படுத்தத் துணிந்த ஒரு விஞ்ஞானி. பத்தில் ஒருவர் நிலையாக இருந்தார் என்றால் அந்த ஒருவரைத் தேடிப் பிடிக்கவும் முடியும் என்று பொருள். மற்ற ஒன்பது பேருக்கும் அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று காட்டிக்கொடுக்கவும் முடியும்.

தேயிலைக்கு இந்த வழி புதிதும் அல்ல. சோதனைகளைத் திட்டமிடும் நவீன முறையின் மிகப் புகழ்பெற்ற உதாரணமே ஒரு கோப்பைத் தேநீரில் இருக்கிறது. 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் பாசிகளை ஆராய்ந்த மியூரியல் பிரிஸ்டல், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்று சுவைத்தே சொல்ல முடியும் என்றார். அங்கே புள்ளியியலாளராக இருந்த ரொனால்ட் ஃபிஷர் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. அப்படியே ஏற்கவும் இல்லை. 1935இல் அவர் எழுதிய நூலில் இந்தச் சோதனையின் அமைப்பு விரிவாக இருக்கிறது. எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், வரிசை குலுக்கலில் தீர்மானமாகும். எட்டிலிருந்து நான்கைப் பிரிக்க 70 வழிகள் இருப்பதால், குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புத்தான். பிரிஸ்டல் எட்டையும் சரியாகவே சொன்னார் என்று பிற்காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய நாக்குக்கு ஒரு காரணமும் இருந்திருக்கலாம்: கொதிக்கும் தேநீருக்குள் பாலைச் சொட்டும்போது முதல் துளிகள் அதிகச் சூடு கண்டு பாலின் புரதம் உருமாறுகிறது, தேநீரைப் பாலுக்குள் ஊற்றினால் அந்த அளவுக்கு மாறுவதில்லை. ஒரு பெண் விஞ்ஞானியின் தேநீர்ப் பிரியத்தை மதித்து எட்டுக் கோப்பை வைத்ததிலிருந்து உலகத்து ஆய்வுகூடங்களுக்கெல்லாம் ஒரு பாடம் கிடைத்தது. தேயிலை நாடான நமக்கு அந்தப் பாடத்தில் முதல் உரிமை உண்டு. பாலும் சீனியும் போட்டுக் குடிக்கிற சனத்துக்கு இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கும் பிரிஸ்டலே பதில். அவர் பேசியது பால் கலந்த தேநீரைப் பற்றித்தான். விமர்சகர் சுவைக்க வேண்டியதும் நம் வீட்டு அடுப்படியில் குடிக்கிற பால்மாத் தேநீரையும் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன் டீயையும்தான். எந்தத் தூள் பாலைத் தாங்கும், எது பால் பட்டதும் சாம்பல் பூக்கும் என்று தெரிந்தால் குடும்பத்துக்குப் பணம் மிச்சமாகும்.

கருவிகள் வந்துவிட்ட பிறகு நாக்கு எதற்கு என்று இன்னொரு கேள்வி. தியாஃபிளேவினை ஆய்வுகூடத்தில் அளக்கலாம். செயற்கை நாக்கு, செயற்கை மூக்கு என்ற உணரிகளும் உண்டு. ஆனால் அந்தக் கருவிகளுக்கு நல்லது எது, கெட்டது எது என்று முதலில் சொல்லிக்கொடுப்பது பயிற்சி பெற்ற மனிதர்களின் தீர்ப்புத்தான். கருவி காட்டும் எண் ஒரு கோப்பையை இன்னொரு முறை குடிக்கத் தூண்டுமா என்று சொல்லாது. இரண்டும் சேர்ந்து நடப்பதுதான் முறை. அதற்கும் ஆய்வுகூடத்தை அறிந்த, நாக்கையும் பழக்கிய ஒரே ஆள் வேண்டும். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. கண்டியின் ஓரத்திலேயே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் உணவு விஞ்ஞானத் துறையும் இருக்கின்றன. காப்பிச் செடியை அழித்த இலைத்துரு நோயை ஆராய 1880இல் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் வந்து தங்கிய பேராதனை இது. ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் சுதந்திரத்துக்கு. ஆராய்ச்சி நிலையத்தின் வேலை உற்பத்தியாளருக்குத் துணை நிற்பது. தேயிலைச் சபையின் வேலை ஏற்றுமதிக்குத் தரம் காப்பது. தரகரின் வேலை விற்பது. அவரவர் வேலை அவரவருக்கு நியாயம். இவற்றில் எதிலும், "இந்தத் தூளை இந்த விலைக்கு வாங்காதீர்கள்" என்று வாசகருக்குச் சொல்லும் கடமை இல்லை. அதனால்தான் சொந்த ஆசை என்பதை அழுத்திச் சொன்னேன். ஓய்வு நேரத்தில், தன் கைக்காசில் கடையில் வாங்கி, தன் பெயரைப் போட்டு எழுதுகிறவருக்கு எந்தக் கம்பெனியின் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் கூரை ஒழுகும்போது கோப்பையின் மணத்தைப் பற்றி எழுதுவதா என்ற கோபமான கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். 1948இல் பறித்த குடியுரிமையை மீட்கவே பல பத்தாண்டுகள் போயின. நாட்சம்பளத்துக்கு இன்றும் ஒவ்வொரு ரூபாயாகப் போராட வேண்டியிருக்கிறது. சுவை விமர்சனம் கூலியை உயர்த்திவிடும் என்று நான் சொன்னால் அது பொய். தேயிலைக்கு ஏலத்தில் விலை ஏறிய காலங்களிலும் அந்த ஏற்றம் தானாக லயத்துக்கு இறங்கி வந்ததில்லை. அதற்குத் தொழிற்சங்கமும் சட்டமும் அரசியலும் வேண்டும். ஆயினும் கூலிப் பேச்சில் காலங்காலமாக ஒரு விடயம் அமுங்கிப் போகிறது. கொழுந்து பறிப்பவரின் உழைப்பை நாம் கிலோவால் மட்டுமே அளக்கிறோம். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. கூடினால் கொஞ்சம் காசு. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துப் பறிக்கிற கைக்கும், முற்றிய இலையைச் சேர்த்துக் கூடையை நிரப்ப நிர்ப்பந்திக்கப்படுகிற கைக்கும் தராசில் வேற்றுமை இல்லை. கோப்பையிலோ அந்த வேற்றுமை உடனே தெரியும். முற்றிய இலை கூடினால் சாயம் மங்கி, சுவை தட்டையாகும். இன்ன தோட்டத்தில் மாசி மாதத்தில் பறித்த கொழுந்து இவ்வளவு நேர்த்தியாக இருந்தது என்று பெயரோடு, திகதியோடு அச்சில் வந்தால், அந்தத் திறமைக்கு எழுத்தில் ஒரு சாட்சி கிடைக்கிறது. மேசையில் உட்கார்ந்து பேரம் பேசுகிறவர்கள் அதை எடுத்துக் காட்டலாம். இவ்வளவுக்கு மேல் நான் உரிமை கொண்டாடவில்லை. இவ்வளவும் சிறிதல்ல என்று நம்புகிறேன்.

பதிவு இல்லாததால் நாம் இழந்ததற்கு அண்மைய உதாரணம் 2021. இரசாயன உர இறக்குமதிக்கு அரசு தடை போட்டபோது விளைச்சல் எவ்வளவு விழுந்தது என்பது அடுத்த ஆண்டுக் கணக்கில் தெரிந்தது. சுவை எப்படி மாறியது, எந்தத் தோட்டம் அந்த நெருக்கடியிலும் தரத்தைக் காத்தது என்று குடிப்பவர் திரும்பிப் பார்க்கத் தொடர்ச்சியான ஒரு பொதுப் பதிவு நம் கையில் இல்லை. வைன் நாடுகளில் ஒரு வறட்சி ஆண்டைப் பற்றி ஐம்பது ஆண்டுகள் கழித்தும் வாசிக்கலாம். இங்கே மழை பொய்த்த ஆண்டும் பனி கருக்கிய மாதமும் கலவைக்குள் கரைந்து மறைகின்றன.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. தை முதல் பங்குனி வரை, கண்டித் தேயிலையின் பருவம் நல்லபடி இருக்கும்போது தொடங்கலாம். ஹந்தானவில் 1925இல் கட்டிய பழைய ஸ்டோரில் 2001 முதல் தேயிலை அருங்காட்சியகம் நடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் வந்து போகும் அந்தக் கட்டடத்தில் மாதம் ஒரு மாலை மேசை போட இடம் கேட்கலாம், அல்லது பேராதனையில் ஒரு வகுப்பறை போதும். தூள் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும், கம்பெனி அனுப்பியதாக இருக்கக் கூடாது. கிண்ணங்களுக்கு எண் மட்டும். பெயர் தெரிந்தவர் மேசைக்கு அருகில் வரக் கூடாது. சுவைப்பவர்களில் விஞ்ஞானி இருக்கட்டும். ஸ்டோரில் முப்பது வருடம் நின்று ஓய்வுபெற்ற டீமேக்கர் இருக்கட்டும். கொழுந்து பறித்த ஒரு அம்மாவும், நகரத்தில் தேத்தண்ணிக் கடை நடத்துகிற ஒருவரும் இருக்கட்டும். சுவைத்ததைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். ஆன் நோபல் செய்தது போல, காய்ந்த வைக்கோல், கித்துள் கருப்பட்டி, ஏலக்காய், ஈர விறகுப் புகை என்று வாசிப்பவர் தம் வீட்டிலேயே முகர்ந்து பார்க்கக்கூடிய பெயர்களால் எழுத வேண்டும். ஒவ்வொரு மாலையும் வரிசைக்குள் ஒரே தூளை மூன்று கிண்ணங்களில் ஒளித்து வைக்க வேண்டும். பத்திரிகையில் தூளின் பெயர், தரம், விலை, வாங்கிய மாதம் ஆகியவற்றோடு, அந்த மூன்று கிண்ணங்களுக்கும் எத்தனை பேர் ஒரே தீர்ப்புக் கொடுத்தார்கள் என்ற எண்ணையும் மறைக்காமல் அச்சிட வேண்டும்.